ஊதா ரயில் பாதையில் காதலும் வழக்கும்

அலுவலகத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே கழிவறை. வழக்கில் தோற்றவர் அங்கே வந்துதான் அழுவார். யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம் அங்கேதான் கசியும். முன்னாள் காதலனும், அவனுடைய இன்றைய மனைவியும், முன்னாள் காதலியும் ஒரே கண்ணாடி முன் நின்று கை கழுவுவார்கள். மூவருமே வழக்கறிஞர்கள்.

‘ஆலி மெக்பீல்’ தொடரின் உலகம் இது. டேவிட் ஈ. கெல்லி உருவாக்கி, அமெரிக்காவின் ஃபாக்ஸ் ஒளிவழியில் 1997 முதல் 2002 வரை ஐந்து பருவங்கள் ஓடிய நகைச்சுவைத் தொடர். பாஸ்டன் நகரில் ஒரு வழக்கறிஞர் நிறுவனம். நாயகியின் கண்ணுக்கு மட்டும் டயப்பர் கட்டிய குழந்தை ஒன்று வந்து ஆட்டம் போடும். மாலையானால் எல்லாரும் மதுக்கூடத்தில் கூடுவார்கள். பியானோ முன் உட்கார்ந்து வோண்டா ஷெப்பர்ட் பாடுவார். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது 1999ல் இதற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘டைம்’ இதழ், பெண்ணியம் செத்துவிட்டதா என்று கேட்டு, ஆலியின் முகத்தை அட்டையில் போட்டது. குட்டைப் பாவாடை அணிந்து, காதலுக்கு ஏங்கும் ஒரு கற்பனை வழக்கறிஞரின் தலையில் இவ்வளவு பெரிய பழியா என்று எனக்கு இன்றும் தோன்றும்.

அந்தத் தொடர் ஓடிய நாளில் நான் சிறுமி. ஊடகப் படிப்பில் திரைக்கதை வகுப்பில்தான் முழுதாகப் பார்த்தேன். அதன் உத்தி எளிமையானது. நீதிமன்றத்துக்கு வரும் வழக்கு, வாதாடுபவரின் சொந்த மனக்குறையைத் தொட வேண்டும். கட்சிக்காரருக்காகப் பேசத் தொடங்கி, தனக்காகப் பேசி முடிப்பார். 2022ல் உலகமே பார்த்த கொரியத் தொடர் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’வும் கிட்டத்தட்ட அந்த வழியில் வந்ததுதான். ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞர், திமிங்கிலங்கள் மீது தீராத ஆசை, சுழல்கதவைக் கடக்க உதவும் சக ஊழியர் மீது மெல்ல மலரும் காதல். வீட்டில் அம்மாவும் மகளும் சேர்ந்து பார்த்த தொடர்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

நம் ஊரிலும் ஒன்று வந்தது. 2010ல் சேனல் 5ல் ‘தி பியூப்பில்’. பயிற்சி வழக்கறிஞர் வெண்டி லிம்மாக ரெபெக்கா லிம், கண்டிப்பான மூத்த வழக்கறிஞராக ஜானிஸ் கோ. அடுத்த ஆண்டு இரண்டாம் பருவமும் வந்தது. திரையில் சட்டம் பேசிய ஜானிஸ் கோ, 2012லிருந்து 2014 வரை நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து சட்டம் இயற்றும் அவையிலேயே பேசினார் என்பது இந்தத் தொடருக்குக் கிடைத்த எதிர்பாராத கடைசிக் காட்சி.

தமிழ்த் திரையில் வழக்கறிஞர் என்றால் வேறு கதை. 1952ல் ‘பராசக்தி’யில் குற்றவாளிக் கூண்டில் நின்றவரே வாதாடிவிட்டார். 1973ல் ‘கௌரவம்’ படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்தாக சிவாஜி. 1984ல் வந்த ‘விதி’யின் நீதிமன்ற வசனத்தை ஒலிநாடாவில் போட்டுப் போட்டுக் கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நமக்கு நீதிமன்றம் என்பது வசன மேடை. கறுப்பு அங்கியைக் கழற்றிய பிறகு அந்த மனிதர் யாரோடு சாப்பிடுகிறார், யாருடைய குறுஞ்செய்திக்குக் காத்திருக்கிறார் என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

இந்த நினைப்போடுதான் ஒரு வெள்ளிக்கிழமை, காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு சிட்டி ஹாலில் இறங்கினேன். ஆலி மெக்பீல் சிங்கப்பூரில், அதுவும் தமிழ்ப் பெண்ணாக இருந்தால், அவள் நாள் எங்கெல்லாம் கழியும்? நடந்து பார்த்துவிடலாம் என்று ஓர் ஆசை.

முதலில் உச்ச நீதிமன்றம். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து 2006ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கட்டடம். உச்சியில் பறக்கும் தட்டு இறங்கியதுபோல் ஒரு வட்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குள் இருக்கிறது. பொது விசாரணைகளை யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதியின் இருக்கையை நோக்கித் தலை வணங்குவது மரபு. நான் பார்த்த அறையில் இரண்டு வழக்கறிஞர்கள் ஒரு ஒப்பந்தத்தின் ஒரே ஒரு உட்பிரிவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ‘விதி’யை நினைத்துக்கொண்டு போனவர்களுக்குத் தூக்கம் வரும்.

பக்கத்திலேயே பழைய உச்ச நீதிமன்றம். 1939ல் திறந்தது, 2015லிருந்து தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பாதி. நீதிபதி உட்கார்ந்த அறைகளில் இப்போது ஓவியங்கள். கைதிகளை அடைத்துவைத்த சிற்றறைகளில் இரண்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் அதைக் காட்டாமல் திரும்பாதீர்கள். கட்டடத்தின் அடிக்கல்லுக்குக் கீழே 1937ல் ஒரு பேழையைப் புதைத்தார்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களும் நாணயங்களும் அதில் இருக்கின்றன. கி.பி. 3000ல்தான் திறக்க வேண்டுமாம். வழக்கு இழுத்தடிக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அங்கிருந்து நாடாளுமன்றத்தைக் கடந்து, எல்ஜின் பாலத்தில் ஆற்றைத் தாண்டினால் நார்த் பிரிட்ஜ் ரோடு சவுத் பிரிட்ஜ் ரோடாகப் பெயர் மாறும். இன்னும் சற்று நடந்தால் மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். நாராயண பிள்ளை காலத்தில், 1827ல் தோன்றிய கோயில். தீமிதி எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் இந்துக்களின் திருமணப் பதிவகமாகவே இந்தக் கோயில் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. இந்து முறைத் திருமணத்தை நடத்திவைக்கும் அதிகாரம் அன்று இந்தக் கோயிலுக்குத்தான். கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் காதலுக்கும் சட்டத்துக்கும் ஒரே வாசலில்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைத்து உருக வேண்டியதில்லை. 1961க்கு முன்னால் முஸ்லிம் அல்லாத ஆணும் வழக்கம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்ற கதை நம் பாட்டிமார் காதோடு காதாகச் சொன்ன கதை. ஷிரின் ஃபோஸ்தார் போன்றவர்கள் 1952ல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1961 மே மாதம் மாதர் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து ஒருவனுக்கு ஒருத்தி என்பது நீதிநூல் வாசகமாக இல்லாமல் தண்டனை உள்ள சட்டமானது. இதை வைத்து ஒரு தொடர் எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். 1961ல் கறுப்பு அங்கி போட்ட ஒரு தமிழ்ப் பெண், எதிரே தன் அப்பாவின் இரண்டாவது குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் ஹேவ்லாக் சதுக்கம். 35 மாடிகளோடு இரட்டைக் கோபுரமாக நிற்கிறது அரசு நீதிமன்றக் கட்டடம். 2019 டிசம்பரில் செயல்படத் தொடங்கியது. இரண்டு கோபுரங்களுக்கும் இடையே பாலம் பாலமாக இணைப்புகள். பக்கத்தில் 1975ல் கட்டிய எண்கோணக் கட்டடம். சிங்கப்பூரில் நீதிமன்றத்துக்குப் போகிற பெரும்பாலோர் வருகிற இடம் இந்த வட்டாரம்தான். காலை எட்டரைக்கு வந்து பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டியில் கோப்புகளை இழுத்துக்கொண்டு ஓடும் இளம் வழக்கறிஞர்கள், கையில் கோப்பி பொட்டலத்தோடு சாலையைக் கடப்பவர்கள், வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று கடைசி சிகரெட்டை இழுப்பவர்கள். ஆலி இங்கேதான் இருப்பாள்.

குடும்ப வழக்குகள் பார்க்கும் தோழி ஒருத்தியை மதிய உணவுக்குப் பிடித்தேன். ஹாங் லிம் உணவங்காடியில் இருபது நிமிடம்தான் கொடுத்தாள். “உங்கள் வாழ்க்கையைத் தொடராக எடுக்கலாம்போல” என்றேன். சிரித்துவிட்டாள்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போக மணி பத்து. இதுல எங்க காதல்? போன மாசம் ஒருத்தரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன்தான். ஆனா அவர் பேசப் பேச, இவரோட சொத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு மனசு கணக்குப் போடுதுடி.”

தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் அண்மை ஆண்டுகளில் இளம் வழக்கறிஞர்கள் தொழிலை விட்டு விலகுவதைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவருகிறார். வேலைப் பளு, தூக்கமின்மை, சொந்த வாழ்க்கைக்கு நேரமில்லாமை. தொலைக்காட்சியில் இதெல்லாம் நகைச்சுவையாகிவிடும். தோழியின் தட்டில் பாதி மீ ஆறிப்போய் மிஞ்சியிருந்தது.

அவளிடம்தான் நம் ஊர் மணமுறிவுச் சட்டத்தின் அண்மை நிலையைக் கேட்டுக்கொண்டேன். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆவதற்குள், விதிவிலக்கான கடும் இன்னல் இருந்தால் ஒழிய, மணமுறிவுக்கு மனுச் செய்ய முடியாது. 2024 ஜூலை 1 முதல் ஒரு புதிய வழி வந்திருக்கிறது. யார்மீது பழி என்று நிறுவாமல், இருவரும் பேசி ஒப்புக்கொண்டு பிரியலாம். ஏன் இப்படி ஒரு முடிவு, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள், பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் சொல்ல வேண்டும். தொடர் எழுதுபவர்களுக்கு இது பெரிய இழப்பு. கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யக் கள்ளக் காதலியே தேவையில்லை. குடும்ப வழக்குகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு மூடியவை என்பதால் நாம் போய் வேடிக்கை பார்க்கவும் முடியாது. அதுவும் நல்லதுதான்.

மொழியை வைத்துப் பிழைப்பவள் என்பதால் இன்னொன்றையும் யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு கணவன் மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் ‘ஏன்டி’ என்று இருக்கிறது. கொஞ்சலா, வசவா? ‘நீ வா, பேசிக்கலாம்’ என்பது சமாதானமா, மிரட்டலா? மூன்று எழுத்தில் நாம் அன்பையும் அவமதிப்பையும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதுபவருக்கு அதை யாராவது நடுநிலையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆலி தொடரில் இல்லாத கதாபாத்திரம் அது. நம் தொடரில் நாயகியே மொழிபெயர்ப்பாளராக இருந்தால் என்ன?

சைனாடவுன் நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினேன். வரைபடத்தில் ஊதா நிறக் கோடு. அடுத்தது கிளார்க் கீ, அதற்கடுத்தது தோபி காட், அப்புறம் லிட்டில் இந்தியா. மூன்றே நிறுத்தம். மணமுறிவு வழக்கு நடக்கும் இடத்துக்கும் தாலி வாங்கும் இடத்துக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம். இன்னும் வேடிக்கை, இடையில் தோபி காட்டில் இறங்கிச் சற்று நடந்தால் ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவு. கேனிங் ரைஸ் 7ஆம் எண் என்பது பல ஆண்டுகளாகத் திருமணப் பதிவகத்தின் முகவரி. அதன் படிக்கட்டில் எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இருக்கக்கூடும்.

பதிவுக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாம் இணையத்திலேயே. சிங்கப்பூரில் காதலைச் சொல்லும் வாசகம் ‘பிடிஓ போடலாமா’ என்பதுதான் என்று நாம் நம்மையே கேலி செய்துகொள்கிறோம். நிச்சயமான இணையராக வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். முதலில் விண்ணப்பம், பிறகு பதிவு, பிறகு கோயில், கடைசியில் தேனிலவு. பாஸ்டன்காரர்களுக்கு இந்த வரிசை புரியாது.

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து பஃபலோ ரோட்டு வாசலில் ஏறினால் பூக்கடை வாசனை. கேம்பல் லேன் மூலையில் மாலை கட்டுபவர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார், “ரெஜிஸ்டரா, கோயிலா?” பதிவுக்கு என்றால் ரோஜாவில் மெல்லிய மாலை, உடையைக் கெடுக்காது. கோயிலுக்கு என்றால் மல்லியும் சம்பங்கியும் கனமாக, முழங்கால் வரை. சட்டத்துக்கு ஒரு மாலை, சாமிக்கு ஒரு மாலை என்று வாங்கிப்போகும் இணையரை சனிக்கிழமைகளில் பார்க்கலாம். சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளில் தாலி பார்க்கும் குடும்பங்கள். மாப்பிள்ளை வீட்டுத் தாலி, பெண் வீட்டுத் தாலி என்று அத்தைமார் வாதாடும் அழகைக் கண்டால், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்னத்துக்கு என்று தோன்றும்.

ஆனால் இதே தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களின் காதலுக்கு வேறு சட்டம். வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டும் என்றால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். இங்கே மணந்தாலும் சரி, ஊரில் போய் மணந்தாலும் சரி. வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவருக்கும் இது பொருந்தும்.

ஒருநாள் நேயர் அழைப்பில் ஓர் இளைஞர் பேசினார். பாட்டு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். “பாட்டு வேணாம்க்கா. ஒலிபரப்புல போடாதீங்க. ஒரு சந்தேகம்” என்றார். அவர் விரும்புகிற பெண் இங்கே பிறந்து வளர்ந்தவள். அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடுமா, வேலை போய்விடுமா என்று பயம். எனக்குத் தெரிந்த விதியைச் சொல்லி, அமைச்சிடமே கேட்கச் சொன்னேன். “சரிக்கா” என்றவர் சற்று நேரம் வைக்காமல் இருந்தார். பின்னணியில் லாரி ஓடுகிற சத்தம். “அவங்களுக்குன்னு சொல்லாம ஒரு பாட்டு மட்டும் போடுறீங்களா?” போட்டேன். பெயரில்லாத காதல் வாழ்த்து எங்கள் தொழிலில் அபூர்வமில்லை. அதற்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருந்தது மட்டும் அன்றைக்குப் புதிது.

ஆலியின் தொடரில் சட்டம் என்பது காதலிக்கும் ஆட்களின் தொழில். இங்கே, பாதிப் பேருக்குக் காதலின் எதிரே நிற்கும் மூன்றாவது ஆள் அது. இதை வைத்துத்தான் நம் தொடரை எழுத வேண்டும் என்பேன். சிரிப்பும் இருக்கட்டும், குழந்தையும் ஆடட்டும். ஆனால் நாயகியின் அலுவலகம் ஷென்டன் வேயில் கண்ணாடிக் கட்டடத்தில் வேண்டாம். தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில், கீழே மசாலா அரைக்கும் சத்தத்தோடு இருக்கட்டும். மாலையானால் அவர்கள் கூடுகிற இடத்தில் பியானோ வேண்டாம், தே தாரிக் போதும்.

அப்படி ஓர் அலுவலகம் வைத்தால் அவள் ஜன்னலிலிருந்து ரோவல் ரோடு தெரிய வேண்டும். ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ என்ற அறநிறுவனம் 2008ல் தொடங்கிய கஃப் ரோடு திட்டத்தின்கீழ், வழக்கு முடியும்வரை காத்திருக்கும் ஊழியர்களுக்கு இந்த வட்டாரத்து உணவகத்தில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். வேலையிடத்தில் அடிபட்டு இழப்பீடு கேட்டவர்கள், சம்பளப் பாக்கி கேட்டவர்கள். வேலை அனுமதி ரத்தாகி, கையில் சிறப்பு அனுமதிச் சீட்டோடு இருப்பவர்கள். அந்தச் சீட்டு இங்கே தங்க விடும். வேலை செய்ய விடாது.

நான் போனபோது அந்தி சாய்ந்துவிட்டது. நாலு மேசை நிறைய ஆட்கள். ஒருவருக்குக் கையில் கட்டு. தம்பி வயதுதான் இருக்கும். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்த கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெண், அவள் மடியில் குழந்தை. கட்டுப் போட்ட கை திரைக்குள் வராதபடி மேசைக்குக் கீழே வைத்திருந்தார்.

“எப்ப வர்றீங்க?” என்றாள் அவள்.

“கேஸ் முடியட்டும்” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. “ஓவர்டைம் நெறைய இருக்கும்மா. தீபாவளிக்குப் பாப்போம்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர் அவருக்குக் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.